சரிவுப் பெஞ்சின் வரவும் செலவும்

திங்கட்கிழமை மாலை எந்த ஜிம்முக்குப் போனாலும் மார்புப் பெஞ்சுகளைச் சுற்றித்தான் கூட்டம். ஃபிளாட் பெஞ்சுக்கு வரிசை நிற்கும். இன்க்ளைன் பெஞ்சில் ஒருவர் படுத்திருக்க, இன்னொருவர் பக்கத்தில் நின்று "இன்னும் எத்தனை செட் ப்ரோ?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். மூன்றாவதாக ஒன்று உண்டு. தலைப்பக்கம் தாழ்ந்து, கால்பக்கம் உயர்ந்து, காலை மாட்டிக்கொள்ள இரண்டு பஞ்சு உருளைகளோடு ஓரமாக நிற்கும். அதன்மேல் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய துண்டும் தண்ணீர் பாட்டிலும்தான் கிடக்கும். இல்லாவிட்டால் யாராவது வயிற்றுக்கு சிட்-அப் எடுத்துக்கொண்டிருப்பார்கள். டிக்ளைன் பெஞ்சுக்கு வாய்த்தது அவ்வளவுதான். பயன்படுத்துகிறவர்கள் குறைவு என்றாலும் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிறையப் பேர், அதிலும் இரண்டு கட்சி. "சுத்த வேஸ்ட்" என்று தள்ளிவிடுவது ஒரு கட்சி. மார்பின் அடிக்கோடு தெளிவாக வெட்டி விழ வேண்டுமானால் டிக்ளைன் இல்லாமல் நடக்காது என்று சத்தியம் செய்வது இன்னொரு கட்சி.

இரண்டோடும் எனக்கு ஒத்துவரவில்லை. டிக்ளைன் டம்பெல் பிரஸ்ஸில் உண்மையான வரவு ஒன்று இருக்கிறது. அந்த வரவு கீழ்மார்புக் கணக்கில் இல்லை, தோள் கணக்கில் இருக்கிறது. தோள்மூட்டை அதிகம் சோதிக்காமல் மார்புக்குக் கனமான வேலை கொடுக்க இந்தச் சரிவு உதவுகிறது. ஆனால் கையில் இருப்பது டம்பெல் என்பதால், எடையை மேலே கொண்டுபோகும்போதும் திரும்ப இறக்கும்போதும் அதே தோளைப் பணயம் வைக்கிறோம்.

முதலில் தசையைப் பார்த்துவிடலாம். மார்பில் நாம் பார்க்கிற பெரிய தசை பெக்டொராலிஸ் மேஜர். விசிறி வடிவம். காறை எலும்பிலிருந்து ஒரு பகுதி, மார்பெலும்பிலிருந்தும் மேல் விலாக்களின் குருத்தெலும்புகளிலிருந்தும் பெரும்பகுதி, வயிற்றுத் தசையின் உறையிலிருந்து ஒரு சிறு பகுதி என்று விரிந்து கிளம்பி, எல்லாம் குவிந்து மேல்கை எலும்பின் முன்பக்கத்தில் போய் ஒட்டுகின்றன. ஒட்டுகிற இடத்தில் இழைகள் ஒரு முறுக்கு முறுக்கிக்கொள்கின்றன. கீழிருந்து வருபவை எலும்பில் மேலே ஒட்டும், மேலிருந்து வருபவை கீழே ஒட்டும். இந்த முறுக்கு பின்னால் தேவைப்படும்.

கையை மேலிருந்து கீழாக, இடுப்பை நோக்கி அழுத்திக் கொண்டுவரும் வேலையில் கீழ் இழைகளுக்குப் பங்கு அதிகம். டிக்ளைன் பெஞ்சில் படுத்து டம்பெல்லை நேராகக் கூரையை நோக்கித் தள்ளும்போது, உடம்பின் கணக்கில் கை இடுப்புப் பக்கமாகத்தான் போகிறது. ஆகவே "டிக்ளைன் என்றால் கீழ்மார்பு" என்ற பேச்சு வெறும் ஜிம் புராணம் அல்ல. உடற்கூற்றில் அதற்கு அடிப்படை இருக்கிறது. எவ்வளவு கூடுதல், எதைவிடக் கூடுதல் என்பதில்தான் சிக்கல்.

இதற்கு ஆதாரமாக எல்லோரும் எடுத்துக்காட்டுவது 1997இல் கிளாஸ், ஆர்ம்ஸ்ட்ராங் இருவரும் வெளியிட்ட ஆய்வு. பதினைந்து இளைஞர்களின் மார்பில் மின்வாய்களை ஒட்டி, பெஞ்ச் பிரஸ் செய்யும்போது தசையில் எழும் மின்துடிப்பை அளந்தார்கள். டிக்ளைனில் கீழ்மார்பின் துடிப்பு கூடுதலாக இருந்தது. இதுவரை சரி. ஆனால் அவர்கள் ஒப்பிட்டது எதோடு எதை என்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. 15 டிகிரி கீழ்ச்சரிவை 30 டிகிரி மேல்ச்சரிவோடு ஒப்பிட்டார்கள். அதாவது டிக்ளைனும் இன்க்ளைனும்தான் மோதின. ஃபிளாட் பெஞ்ச் அந்தப் போட்டியிலேயே இல்லை. ஃபிளாட்டையும் சேர்த்து அளந்த ஆய்வு அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1995இல், பார்னெட், கிப்பர்ஸ், டர்னர் மூவர் பெயரில் வந்திருக்கிறது. அதில் மார்பெலும்பிலிருந்து கிளம்பும் பகுதி டிக்ளைனைவிட ஃபிளாட் பெஞ்சில்தான் அதிகம் வேலை செய்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முரண்பாடே இல்லை. கீழ்மார்பை எழுப்புவதில் இன்க்ளைனைவிட டிக்ளைன் மேல். ஆனால் ஃபிளாட்டைவிட மேல் என்று சொல்ல இவற்றில் இடமில்லை.

ஜிம்மில் கீழ்மார்புக்கென்று டிக்ளைன் போடுகிற பையன், பத்து நிமிடம் முன்னால்தான் ஃபிளாட் பெஞ்சில் நான்கு செட் முடித்திருப்பான். கீழ்மார்புக்கான சம்பளம் அங்கேயே பெரும்பாலும் கிடைத்துவிட்டது. திரும்பவும் அதே வேலைக்கு இன்னொரு பெஞ்சில் நான்கு செட். மேல்மார்பு, பின்தோள், முதுகு என்று உண்மையில் பின்தங்கியிருக்கும் இடங்களுக்கு மிச்சம் நேரம் இல்லை. இந்தப் பயிற்சியின் பெரிய நஷ்டம் காயமோ வலியோ இல்லை, இந்த நேர விரயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மின்துடிப்பு அளவீட்டுக்கும் ஒரு எல்லை உண்டு. தோலுக்கு மேலே ஒட்டிய மின்வாய், அந்த நேரத்தில் தசை எவ்வளவு தூண்டப்படுகிறது என்பதைக் காட்டும். மூன்று மாதம் கழித்து அது எவ்வளவு பருத்திருக்கும் என்று காட்டாது. தசை நீண்டு இழுபடும் நிலையில் எவ்வளவு சுமை தாங்குகிறது, வாரத்துக்கு எத்தனை கடினமான செட், எத்தனை மாதம் விடாமல் செய்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பவை வளர்ச்சியைத் தீர்மானிப்பதில் பெஞ்சின் கோணத்தைவிட முக்கியமானவை. மார்பின் ஒரு பகுதியை மட்டும் தனியே பிரித்து வேலை வாங்கவும் முடியாது. கோணத்தை மாற்றிப் பங்கைச் சற்றுக் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவே.

இனி வரவுக்கு வருவோம். 1992 முதல் 1997 வரை தொடர்ந்து ஆறு முறை மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வென்ற டோரியன் யேட்ஸ், பர்மிங்ஹாமின் டெம்பிள் ஜிம்மில் மார்புக்கு முக்கியப் பயிற்சியாக வைத்துக்கொண்டது ஃபிளாட் பெஞ்ச் பிரஸ்ஸை அல்ல, டிக்ளைன் பார்பெல் பிரஸ்ஸை. ஃபிளாட்டில் முன்தோள் அதிகம் புகுந்து வேலையைப் பிடுங்கிக்கொள்கிறது, டிக்ளைனில் தோளுக்குத் தொந்தரவு குறைவு என்பது அவர் வாதம். ஒரு சாம்பியனின் அனுபவத்தை எல்லோருக்கும் சட்டமாக்க முடியாது. ஆனால் இந்த இடத்தில் உடற்கூறு அவர் பக்கம் நிற்கிறது. பெஞ்ச் மேல்நோக்கிச் சாயச் சாய முன்தோளின் பங்கு கூடும், கீழ்நோக்கிச் சாயச் சாயக் குறையும். கை தலைப்பக்கம் உயராமல் இடுப்புப் பக்கமாகவே நகர்வதால், தோள்மூட்டின் மேற்கூரைக்கும் அதற்கடியில் ஓடும் தசைநாண்களுக்கும் இடையே நசுங்கல் குறைகிறது. ஃபிளாட்டில் படுத்தால் தோளின் முன்பக்கம் சுருக்கென்று குத்துகிற, நாற்பதைத் தொட்ட பழைய பயிற்சிக்காரர்கள் பலர் டிக்ளைனில் வலியில்லாமல் தள்ளுவதைப் பார்க்கலாம். ஜிம்களில் இந்தப் பெஞ்சை விற்க வேண்டியது இப்படித்தான். ஆனால் 'லோயர் செஸ்ட்' என்று சொன்னால்தான் ஆள் வருகிறது.

பார்பெல்லை விட்டு டம்பெல்லுக்கு மாறினால் என்ன கிடைக்கிறது? மணிக்கட்டுக்கு விடுதலை. உள்ளங்கை காலைப் பார்த்தபடியோ, ஒன்றையொன்று பார்த்தபடியோ, நடுவாந்தரமாகவோ தோளுக்கு எது இதமோ அப்படிப் பிடிக்கலாம். வலக்கை இடக்கைக்கு உதவ முடியாது, எந்தப் பக்கம் பலவீனம் என்பது இரண்டே செட்டில் தெரிந்துவிடும். முடியாமல் போனால் கழுத்தில் வந்து விழக் கம்பி எதுவும் இல்லை. டிக்ளைனில் தலை தாழ்ந்திருப்பதால் தவறிய பார்பெல் முகத்தையும் கழுத்தையும் நோக்கித்தான் சரியும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. எடை குறையும் என்பது நிச்சயம். ஃபிளாட் பெஞ்சில் நார்வே ஆய்வாளர்கள் 2011இல் அளந்தபோது, ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடை பார்பெல்லைவிட டம்பெல்லில் 17 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் மார்புத் தசையின் துடிப்பில் வித்தியாசம் இல்லை. குறைந்தது டிரைசெப்ஸின் பங்கு. மார்புக்காக வருகிறவனுக்கு இது நஷ்டமில்லாத பேரம்.

டம்பெல்லை எவ்வளவு கீழே இறக்குவது என்ற கேள்வியில் அந்த முறுக்கு ஞாபகத்துக்கு வர வேண்டும். பார்பெல் நெஞ்சில் தட்டியதும் நின்றுவிடும். டம்பெல்லுக்குத் தடை இல்லை, முழங்கை உடம்பின் மட்டத்தைத் தாண்டிப் பின்னால் போகலாம். அப்படிப் போகும்போது மிக அதிகமாக இழுபடுபவை இதே கீழ் இழைகள்தான். மார்புத் தசை கிழியும் காயங்களில் பெரும்பாலானவை பெஞ்ச் பிரஸ்ஸில், எடை கீழே இறங்கும் கட்டத்தில் நேர்பவை. நல்ல இழுவை தசைக்கு உரம் என்பது உண்மை. ஆனால் இழுவைக்குப் பேராசைப்பட்டு, கனமான டம்பெல்லைப் பொத்தென்று ஆழத்தில் விடுவது அந்த உரத்தை வைத்துச் சூதாடுவது. மேல்பக்கத்திலும் ஒரு வீண் வேலை நடக்கிறது. டம்பெல் இரண்டையும் உச்சியில் கொண்டுபோய் 'டங்'கென்று மோதவிட்டு, மார்பைப் பிழிகிறோம் என்று நினைப்பது. எடை நேராகக் கையெலும்பு வழியாகத் தோளில் இறங்கி நிற்கும் அந்த நிலையில் மார்புக்கு வேலை குறைவு. உச்சியில் பிழிய வேண்டுமானால் மேலிருந்து கீழாக இழுக்கும் கேபிள் கிராஸ் ஓவர் இருக்கிறது.

இனி, ஆய்வேடுகளில் வராத, ஆனால் ஜிம்மில் தினமும் நடக்கிற பகுதி. ஃபிளாட் பெஞ்சில் கனமான டம்பெல்லை ஏற்றுவதற்கு ஒரு வசதி உண்டு. தொடைமேல் செங்குத்தாக நிறுத்தி, பின்னால் சாயும்போதே முட்டியால் ஓர் உதை கொடுத்தால் எடை தானாக நெஞ்சுக்கு வந்துவிடும். டிக்ளைனில் கால்கள் உருளைக்கடியில் பூட்டிக் கிடக்கின்றன. முட்டி உதைக்காது. இரண்டு கையிலும் 25 கிலோவை அணைத்துக்கொண்டு, தலை தாழும் பக்கமாக மெல்லச் சாய வேண்டும். சாயும் பாதியில் வயிறு நடுங்கும், டம்பெல் கழுத்துப் பக்கம் நழுவப் பார்க்கும். எப்படியோ படுத்து, பத்து முறை தள்ளியாகிவிட்டது என்று வையுங்கள். இப்போது எழுவது எப்படி? அத்தனை கனத்தோடு சரிவில் எழுந்து உட்கார யாராலும் ஆகாது. ஒரே வழி, இரண்டு பக்கமும் கீழே போடுவது. களைத்த கைகள் பக்கவாட்டில் விரிந்து, பின்னால் சரிந்து, அந்தக் கனத்தை விடும் நொடியில் தோள்மூட்டு இருக்கும் நிலைதான் அது மிகவும் வெறுக்கும் நிலை. இந்தப் பெஞ்சுக்கு நேர் எதிர்ச்சுவரிலேயே "டம்பெல்லைக் கீழே போடாதீர்கள்" என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு எடையை மெல்ல இறக்க முயல்கிறவர்தான் தோளைப் பிடித்துக்கொண்டு எழுகிறார்.

"மாஸ்டர், கை குடுங்க" என்று கூப்பிடலாம்தான். ஆனால் கை கொடுக்க வருகிற மாஸ்டர் ஒருவர், டம்பெல் இரண்டு. அவர் வலப்பக்க டம்பெல்லை வாங்கும் நொடியில் இடப்பக்கம் முழுக் கனமும் தனியாகத் தொங்கும். கால் பூட்டியிருக்க, இடுப்பு ஒரு திருகு திருகும். கனமான எடைக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். கூட்ட நேரத்தில் ஒரு மாஸ்டரே கிடைப்பது அபூர்வம். ஆக, டம்பெல் டிக்ளைனில் ஒருவர் பாதுகாப்பாகத் தூக்கக்கூடிய எடையைத் தீர்மானிப்பது மார்பின் பலம் அல்ல, ஏற்றி இறக்கும் சாமர்த்தியம்தான். மார்புக்கு 30 கிலோ தேவைப்படுகிறவர் இங்கே 22.5 கிலோவோடு நிற்க வேண்டியிருக்கும். அடுத்த படிக்குப் போவதும் எளிதல்ல. டம்பெல் ரேக்கில் அடுத்தது 2.5 கிலோ கூடுதல் என்றால், இரண்டு கைக்கும் சேர்த்து ஒரே தாவலில் ஐந்து கிலோ.

தலை தாழ்ந்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. மூச்சை அடக்கிக் கனம் தூக்கும்போது இரத்த அழுத்தம் எங்கே போகும் என்பதை 1985இல் மெக்டூகல் குழுவினர் தமனிக்குள்ளேயே அளந்து பார்த்தார்கள். இரண்டு காலாலும் தள்ளும் லெக் பிரஸ்ஸில் சராசரியாக 320/250 வரை ஏறியது. அது ஆரோக்கியமான, பழகிய உடல்களில், சில நொடிகளுக்கு. கால் பயிற்சி அளவுக்கு மார்புப் பயிற்சி ஏற்றாது என்றாலும், டிக்ளைனில் தலை இதயத்துக்குக் கீழே இருப்பதால் அந்த அழுத்தம் முகத்திலும் கண்ணிலும் கூடுதலாக உணரப்படும். 2006இல் பிரேசிலில் நடந்த ஆய்வில், சாதாரண பெஞ்ச் பிரஸ்ஸிலேயே மூச்சை அடக்கியபோது கண்ணின் உள் அழுத்தம் சராசரியாக நான்கு மி.மீ. பாதரசத்துக்கு மேல் உயர்ந்தது. கிளாக்கோமா இருப்பவர்கள், சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், பி.பி. கட்டுக்குள் வராதவர்கள் இந்தப் பெஞ்சைத் தொடாமல் இருப்பது நல்லது. நம் ஊரில் முப்பத்தைந்து வயதுக்குமேல் ஜிம்மில் சேருகிறவர்களில் பலர் சேரும் காரணமே சர்க்கரையும் பி.பி.யும்தான் என்பதை மாஸ்டர்கள் நினைவில் வைக்க வேண்டும். நெஞ்செரிச்சல்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு மணிக்கு இரண்டு போண்டாவும் டீயும் முடித்துவிட்டு ஏழு மணிக்குத் தலைகீழாகப் படுத்தால் வயிறே சொல்லிவிடும்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறொரு பயன்பாட்டில். தளர்ந்த சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, தோளை முன்னால் குறுக்கியபடி ஜிம்முக்கு வரும் பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள் உண்டு. மாஸ்டரைத் தனியே அழைத்து, தயங்கித் தயங்கி, "மாஸ்டர், செஸ்ட் தொங்குற மாதிரி இருக்கு" என்பார்கள். வருகிற பதில் அநேகமாக ஒன்றே: "டிக்ளைன் போடு தம்பி, டைட் ஆயிடும்." ஆகாது. ஓரிடத்துத் தசைக்கு வேலை கொடுத்து அந்த இடத்துக் கொழுப்பை மட்டும் கரைக்க முடியாது. கொழுப்பு குறைவது மொத்தச் சாப்பாட்டுக் கணக்கில், அதுவும் உடம்பு முடிவு செய்கிற வரிசையில். மார்பின் அடிக்கோடு தெரியாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் கீழ்மார்புத் தசை சிறியதாக இருப்பது அல்ல, அதன்மேல் கொழுப்பு மூடியிருப்பது. சிலருக்கு அது கொழுப்பும் இல்லை. காம்புக்கு நேர் பின்னால் விரலால் அழுத்தினால் வட்டாகத் திண்மையாக ஏதோ தட்டுப்பட்டால், அது சுரப்பித் திசு. கைனகோமாஸ்டியா. வளரும் பருவத்தில் வந்தால் பெரும்பாலும் தானே மறையும். சில மருந்துகளாலும், ஊசியாகப் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டுகளாலும் வரும். அதற்கு மருத்துவர்தான் பதில் சொல்ல வேண்டும், எந்தக் கோணத்துப் பெஞ்சும் சொல்லாது. வெட்கத்தோடு வந்த பையனை ஆறு மாதம் சரிவில் படுக்க வைத்து, பலன் வராததற்கு அவன் உழைப்பையே குறை சொல்வது அநியாயம்.

டிக்ளைனுக்கு மாற்று என்றதும் பழைய ஆட்கள் பாரைக் காட்டுவார்கள். இரட்டைக் கம்பியில் முன்பக்கம் சாய்ந்து இறங்கி ஏறும் டிப்ஸ் அதே கீழ் இழைகளுக்கு இன்னும் முரட்டு வேலை கொடுக்கும். பெஞ்ச் வேண்டாம், ஆள் வேண்டாம், தலையும் தாழாது. பெரும்பாலானோருக்கு நான் அதையே சொல்வேன். ஆனால் டிப்ஸின் அடியாழத்தில் கை உடம்புக்குப் பின்னால் வெகுதூரம் போய்விடும். தோள் கெட்டவருக்கு அது டிக்ளைனைவிட மோசம். கையைத் திண்ணையிலோ பெஞ்சிலோ வைத்து எடுக்கும் தண்டாலும் கோணக் கணக்கில் டிக்ளைன் பிரஸ்ஸின் சகோதரன்தான், ஆனால் பழகியவருக்குப் பாரம் போதாது.

ஆகவே, ஃபிளாட்டில் தோள் வலிக்கிறது, டிப்ஸிலும் வலிக்கிறது, பி.பி.யும் கண்ணும் சரியாக இருக்கின்றன, பயிற்சியில் சில ஆண்டுகள் ஓடிவிட்டன என்பவருக்கு டிக்ளைன் டம்பெல் பிரஸ் பொருத்தம். புதிதாகச் சேர்ந்தவருக்குத் தேவையே இல்லை. செய்கிறவர் 15 டிகிரி சரிவோடு நிறுத்திக்கொள்ளட்டும். முப்பதைத் தாண்டினால் தலைக்கு ஏறும் இரத்தம்தான் மிச்சம். முழங்கையை உடம்பிலிருந்து பாதி அளவுக்கு மட்டும் விரித்து, மேல்கை உடம்பின் மட்டத்துக்கு வந்ததும் திருப்பி, தள்ளும்போது மூச்சை விட்டு, பத்துப் பன்னிரண்டு முறை ஏறக்கூடிய எடையை எடுத்தால் போதும். செட் முடிந்ததும் படாரென்று எழ வேண்டாம், தலை சுற்றும்.

ஆள் துணை இல்லாதவருக்கு இன்னொரு வழியும் உண்டு. தரையில் பாய் விரித்துப் படுத்து, முட்டியை மடக்கிப் பாதத்தை ஊன்றி, இடுப்பை உயர்த்திக்கொண்டு டம்பெல்லைத் தள்ளுவது. உடம்பு அதே சரிவுக்கு வந்துவிடும். முழங்கை தரையில் தட்டி நிற்பதால் ஆழத்தில் இழுபடும் ஆபத்து இல்லை. கால் பூட்டப்படாததால் முட்டி உதையும் திரும்பக் கிடைக்கிறது. செட் முடிந்தால் கையைப் பக்கத்தில் சாய்த்தாலே டம்பெல் தரையில். கடைசி நீட்சி கிடைக்காது, இடுப்பை உயர்த்திப் பிடிக்கும் பின்தொடை மார்புக்கு முன்னாலேயே சோர்ந்துவிடும் என்ற குறைகள் உண்டு. தோளுக்காகச் சரிவைத் தேடி வந்தவருக்கு அந்தக் குறைகள் மலிவு.